நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கடல்

பட்டினப்பாக்கம்
3 பிப்ரவரி 2025

எழுத்தாளர் நீரஜா அம்மா அவர்களுக்கு,

என் பெயர் டில்லிபாபு. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை. உங்கள் ‘உப்புநகர் 2190’ நாவலின் முதல் பக்கத்தில் பதிப்பகத்தின் விலாசம் இருக்கிறது. அங்கே எழுதினால் உங்கள் கைக்கு வரும் என்று நம்பி எழுதுகிறேன். போன் நம்பரும் இருந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். பாராட்டு என்று நினைத்து டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காராதீர்கள்.

இந்தப் புத்தகம் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ரொம்ப நாளாகக் கிடந்தது. போன வாரம் என் பெண் தமிழ்நிலா எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். காலேஜ் முதல் வருஷம். நம் ஏரியா மொத்தமும் இதில் முழுகிப் போகிறது என்று சொல்லி சத்தமாக வாசித்துக் காட்டினாள். பனகல் பார்க் துறைமுகமாகிவிட்டது, ரங்கநாதன் தெருவில் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, அப்போதும் ஒருத்தன் கைக்குட்டை விற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் அந்தத் தெருவில் மிதிபட்டுப் போகிறவன் நான். வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. உங்கள் கதாநாயகி விதைப்பெட்டகம் புதைந்திருக்கும் இடத்தைத் தேடிப் போகிறாள். “கபாலி கோபுரம் சாந்தோம் மாதாகோயிலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். பரங்கிமலை உச்சி, முப்பது மாடிக் கட்டடத்தின் தலையில் உட்கார வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில் கல்லைப் போடு. பதினைந்து பாகம் ஆழம்.” தமிழ்நிலா இதைப் படித்ததும் நான் எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை படிக்கச் சொன்னபோது அவள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கடலில் தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது. தண்ணீருக்கடியில் பாறை இருக்கிற இடத்தைப் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். கரையில் இருக்கிற இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் சேர்த்து, வேறு இரண்டை இன்னொரு கோட்டில் சேர்த்து, கோடுகள் வெட்டுகிற இடத்தில் பாரைப் பிடிப்போம். ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம், இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஒரு வீட்டுப் பார் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அப்பன் மகனுக்குச் சொல்வான், அதையும் அந்த இடத்தில் படகில் வைத்துத்தான் சொல்வான். கரையில் சொன்னால் பார் தூர்ந்துபோகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

என் நைனா பாண்டுரங்கன் எனக்குச் சின்ன வயதில் முதல் பாதியை மட்டும் பாட்டு மாதிரி சொல்வார். “கபாலி மாதாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். மீதி கடல்ல.” அந்த மீதி எனக்கு வரவே இல்லை. 2011-ல் நான் ஜவுளிக்கடைக்குப் போனேன். ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும், இந்த மீன் நாத்தம் என்னோடு போகட்டும், என் பொண்ணு மேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போட்ல கால் வெக்காத வரைக்கும் எங்கிட்ட பேசாத என்றார் நைனா. நான் கால் வைக்கவில்லை, அவரும் பேசவில்லை. அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என் மனைவி கெங்கம்மாதான் தினமும் அவருக்குச் சோறு கொண்டுபோவாள். பன்னிரண்டு வருஷம் அப்படியே போய், 2023 ஆகஸ்டில் நைனா இறந்துவிட்டார்.

பெற்ற மகனுக்குச் சொல்லாமல் செத்தவர், அதை யாரோ ஒரு அம்மாவுக்கு ஏன் சொன்னார்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பா. டில்லிபாபு


மயிலாப்பூர்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள டில்லிபாபு,

நீங்கள் சொன்னபடி டீ போடவில்லை. காபி போட்டிருந்தேன், அது ஆறி ஆடை படிந்துவிட்டது. உங்கள் அப்பா காலமான செய்தியே உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். அதை முதலில் ஜீரணிக்க வேண்டியிருந்தது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நான் அடையாறில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2022 ஜனவரியில் நாவலுக்காகக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் கடற்கரைக்கு வந்தேன். கடல் பரங்கிமலை அடிவாரம் வரை ஏறிவிட்டால், அந்தத் தண்ணீரில் நிற்கிற ஒருவருக்கு நம் ஊரில் என்னென்ன கண்ணுக்குத் தெரியும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் கட்சிக்காரரா என்று கேட்டார். உங்கள் அப்பா மட்டும் வலையை மடியில் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த படகைக் காட்டி உட்காரச் சொன்னார். நான்கு காலைகள் போனேன். நான் அவரைப் பேட்டி கண்டேனா, அவர் என்னைக் கண்டாரா என்பது இன்றுவரை சந்தேகம். உன் கதையில் கரை எங்கே இருக்கும் என்று கேட்டார். பரங்கிமலை என்றேன். அப்போ நாம் உட்கார்ந்திருக்கிற இடம் எங்கே இருக்கும் என்றார். ஐம்பது அடி ஆழத்தில் என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, நல்ல கதை என்றார்.

அந்த அடையாளங்களை அவராகத்தான் சொன்னார். நான் துருவிக் கேட்கவில்லை. அது எல்லா மீனவர்களுக்கும் தெரிந்த பொது அறிவு என்று நினைத்தேன். அது ஒரு குடும்பத்தின் சொத்து, கரையில் வாயைத் திறந்து சொல்லக்கூடாதது என்று தெரிந்திருந்தால், சத்தியமாக அச்சில் ஏற்றியிருக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்று அறுபத்தைந்து வருஷம் கழித்து நடக்கிற கதை அது. அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு யாராவது கடலுக்குப் போவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு மகன் உண்டு என்று சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடிகிறது.

நீரஜா


பட்டினப்பாக்கம்
9 மார்ச் 2025

அம்மா,

மகன் உண்டு என்று சொன்ன நினைவே இல்லையா? சரி, அதுவும் என் பங்குக்கு வர வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பெரியப்பா மகன் கபாலியின் பைபர் போட்டில் போனேன். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் படகில் கால் வைத்தேன். காசிமேட்டிலிருந்து கோவளம் வரை பேர் வாங்கிய பாண்டுரங்கனின் மகன், கரையோர அலையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். “சேலைய விரிச்சு மோந்து பாத்துக்கினே இருந்தா இப்டித்தான் ஆவும்,” என்றான் கபாலி.

உங்கள் புத்தகத்தில் சொன்னபடியே பிடித்தோம். கபாலி கோபுரம் மாதாகோயிலுக்குப் பின்னால் ஒளிந்தது. பரங்கிமலை முப்பது மாடிக் கட்டடத்தின் தலையில் உட்கார்ந்தது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினேன். ஒன்பது பாகத்தில் தரை தட்டிவிட்டது. குண்டின் அடியில் தடவியிருந்த பசையில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. சுற்றிச் சுற்றி வந்து இருபது தடவை போட்டோம். வெறும் மணல். ஒரு நண்டுகூட இல்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒரு வாடகைப் படகு நின்றுகொண்டிருந்தது. வேளச்சேரியிலிருந்து வந்த இரண்டு ஐ.டி. ஆட்கள், தொப்பியும் தூண்டிலுமாக. ஒருத்தர் கையில் உங்கள் புத்தகம், நனையாமல் பிளாஸ்டிக் உறையில். நாவலில் வருகிற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறார்களாம். பனகல் பார்க்கில் போட்டோ எடுத்துவிட்டார்களாம். என்னைப் பார்த்து, நீங்களும் வாசகரா ப்ரோ என்று கேட்டார். நூற்று அறுபத்தைந்து வருஷம் கழித்துத்தான் வருவார்கள் என்றீர்களே, இவர்கள் இரண்டே வருஷத்தில் வந்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது கபாலி மெதுவாகச் சொன்னான். “உங்க நைனா சும்மா வுட்டுகினு இருந்தாரோ இன்னாவோ, பாருன்னு ஒண்ணு இல்லவே இல்லியோ.” அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அதே நினைப்புதான். ஒன்று, அவர் உங்களை ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லை, ஆயுசு முழுக்க எங்களை ஏமாற்றியிருக்க வேண்டும். அந்தப் பாருக்காகத்தானே என்னை மகன் இல்லை என்றார். இல்லாத பாருக்காகவா பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷன் பேசாமல் இருந்தான்?

பா. டில்லிபாபு


மயிலாப்பூர்
16 மார்ச் 2025

அன்புள்ள டில்லிபாபு,

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தவறு என்னுடையது. இதைப் போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தவறு என்றே அப்போது தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோதுதான் உறைத்தது.

உங்கள் அப்பா சொன்னது முப்பது மாடிக் கட்டடம் இல்லை. குடியிருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய தண்ணீர்த் தொட்டி. “மலை உச்சி தொட்டி மேல தொப்பி மாரி குந்தணும்” என்பது அவர் வாக்கு. என் நோட்டில் அப்படியே இருக்கிறது. கதையை எழுதும்போது யோசித்தேன். ஏற்கெனவே காரை பெயர்ந்து நிற்கிற தொட்டி, உப்புத் தண்ணீரில் 2190 வரை தாங்குமா? தாங்காது. வாசகர்கள் சிரிப்பார்கள். இரண்டு தெரு வடக்கே புதிதாக முப்பது மாடி எழும்பியிருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்வோம். இரண்டு தெருதானே?

நேற்று மேஜை மேல் வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்து இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தேன். கரையில் இரண்டு தெரு நகர்த்தியது, கடலில் ஐந்து கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. கோட்டின் ஒரு முனையில் ஊசிமுனை அளவு கோணம் மாறினால் மறுமுனை எங்கேயோ போய் விழும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை மிரட்டுகிறவள் நான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். கஸ்தூரிரங்கன், என் கணவர், ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். என் கதையின் ஒரு வரி ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே முழுதாகப் புரியவில்லை.

அதனால் மறுபடி போங்கள். கோபுரமும் மாதாகோயிலும் அப்படியேதான். பரங்கிமலை உச்சி மட்டும் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார வேண்டும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து இன்னும் கிழக்கே, ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போக வேண்டியிருக்கும். இரண்டாம் பதிப்பு வருகிறது. அதில் திருத்திவிடுகிறேன்.

அப்போது பேசியதையெல்லாம் பழைய போன் ஒன்றில் பதிவு செய்திருந்தேன். அந்த போன் உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை. ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறேன்.

நீரஜா


பட்டினப்பாக்கம்
30 மார்ச் 2025

அம்மா,

இருக்கிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் போனோம். இந்த முறை வாந்தி இல்லை. மலை வந்து தொட்டி மேல் உட்கார்ந்தது, நிஜமாகவே தொப்பி மாதிரிதான். குண்டை இறக்கினேன். பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று கபாலி எண்ணிக்கொண்டே வந்தான். பதினைந்தில் கயிறு வழியாக என் விரலுக்கு வந்த அடியை எப்படிச் சொல்வது? மணல் மெத்தென்று வாங்கும். இது கல். பசையில் ஒன்றும் ஒட்டாமல், குண்டு பள்ளம் விழுந்து வந்தது. கபாலி இன்ஜினை நிறுத்திவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் நின்றோம். அப்புறம் தூண்டில் போட்டோம். சங்கரா, களவான், ஒரு பெரிய பாறை மீன். கபாலியின் கை அறுந்துபோகிற அளவுக்கு.

நைனாவின் பெயர் திரும்பி வந்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் திருத்தவே திருத்தாதீர்கள். அந்த வேளச்சேரி ஆட்கள் மணல் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கட்டும். உங்கள் தப்பு எங்கள் பாருக்குக் காவல்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை, இப்போதுதான் அதிகமாகியிருக்கிறது. பார் பொய்யாக இருந்திருந்தால், கிழவன் வீம்பு பிடித்தவன் என்று விட்டிருப்பேன். பார் நிஜம். அதை மூன்று வீடு தள்ளி இருந்த எனக்குச் சொல்லாமல், வழக்கத்தை மீறி, கரையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு என்னை வெறுத்தாரா? எனக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக ஊருக்கே கொடுத்துவிட்டுப் போனாரா? ராத்திரி பகல் இதே கேள்விதான். கடையில் நேற்று மாம்பழக்கலர் கேட்டவருக்கு மயில்கழுத்தை எடுத்துப் போட்டேன்.

போன் ரிப்பேரானால் சொல்லுங்கள். திட்டியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

பா. டில்லிபாபு


மயிலாப்பூர்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள டில்லிபாபு,

போன் பிழைத்துக்கொண்டது. நான்கு காலைகளின் பேச்சையும் கேட்டேன். கடைசி நாள் பதிவை மட்டும் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் என் குரலும் இருக்கிறது.

மகன் உண்டு என்று சொன்ன நினைவில்லை என்று எழுதினேன் அல்லவா? சொல்லியிருக்கிறார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே புகுந்து, இந்தப் பக்கம் சுறா வருமா என்று கேட்கிறேன். என் கதைக்குச் சுறா வேண்டியிருந்தது. அவர் சுறாவுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் தொடங்குகிறார். நான் அதற்குள் நோட்டில் சுறாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். காதில் விழவே இல்லை. அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். இந்த முறை நிஜமாகவே மாற்றவில்லை.

“கரைல சொன்னா பாரு தூந்துடும்னு எங்கப்பன் சொல்வாரு. உன் கதைலதான் கரையே இல்லியேம்மா. நாம குந்திக்கினு கீற எடமே கடலுன்னியே. அப்ப கதைல சொன்னா கரைல சொன்னதா ஆவாது. எம் புள்ள எங்கிட்ட பேசமாட்டான். நானும் வாய வுட்டுட்டேன், எப்டி போய் நிக்கிறது? ஆனா அவனுக்கு பொஸ்தகம்னா உசுரு. படிப்பான். படிச்சா தெரிஞ்சுக்குவான், நைனா மீதியும் சொல்ட்டாருன்னு. ஒரு எழுத்து மாத்தாம போடும்மா.”

டில்லிபாபு, அவர் ஊருக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்தார். உங்கள் இரண்டு பேருடைய சபதமும் முறியாமல், வழக்கமும் கெடாமல் சொல்ல ஒரு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மொத்த நகரமும் தண்ணீரில் கிடக்கிற கதையைத் தூக்கிக்கொண்டு நான் போய் நின்றேன். மாற்றாதே என்று கேட்ட ஒரே வரியை நான் மாற்றினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜனவரியில் புத்தகம் வந்தது. பதிப்பகத்தில் விலாசம் கேட்டுக்கொண்டு அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தார். கஸ்தூரிரங்கன் உள்ளே வந்து, “வாசல்ல யாரோ மீன் எடுத்துண்டு வந்து நிக்கறா, உன்னைத் தேடிண்டு,” என்றார். பை நிறைய சங்கரா. நாங்கள் சாப்பிடாதவர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு கீழ் வீட்டு ஜைதூன் பீயிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, அந்த அடையாளம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு என்றேன். வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மார்ச்சில் மறுபடி வந்தார். ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாலைந்து நாள் என்றேன். “அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கல்லூரிக்கு நேரமாகிறது என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை எழுதும்போது அழுதுகொண்டிருக்கிறேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பதிவை அனுப்பட்டுமா?

நீரஜா


பட்டினப்பாக்கம்
20 ஏப்ரல் 2025

அம்மா,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது. கடைக்குப் போகவில்லை. இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். பதிவை இப்போது அனுப்பாதீர்கள். கேட்கிற தெம்பு எனக்கு வரட்டும்.

முதல் கடிதத்தில் நான் ஒன்றை மறைத்தேன். உங்கள் புத்தகத்தை நான் முதலில் திறந்தது இந்த வருஷம் இல்லை. 2023 பிப்ரவரியிலேயே அது என் கையில் இருந்தது. தன் கூட மார்க்கெட்டில் மீன் விற்கிற பொம்பளை கொடுத்தாள் என்று சொல்லிக் கெங்கம்மா கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கிழட்டு மீனவன் வந்து மகனைப் பார்த்துக் கத்துகிறான். எனக்கு என் நைனா கத்துகிற மாதிரியே இருந்தது. இந்தச் சனியன் கதையிலும் வருகிறதா என்று பக்கத்தின் ஓரத்தை மடித்து டிவிக்குக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம் தொடவில்லை.

உங்கள் கடிதத்தைக் கெங்கம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு என்று படித்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தை வாங்கச் சொன்னதே நைனாவாம். நான் கொடுத்தேன் என்று சொல்லாதே, அவனாகப் படிக்க வேண்டும் என்றாராம். தினமும் சோறு கொண்டுபோகும்போது, “எத்தினியாம் பக்கத்துல கீறான்?” என்று கேட்பாராம். இவளும் வீட்டுக்கு வந்து மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் போய், அறுபத்து மூணு மாமா என்பாளாம். கிழவருக்கு ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாளாம். பிப்ரவரியில் அறுபத்து மூன்று, மார்ச்சில் அறுபத்து மூன்று, ஜூனிலும் அறுபத்து மூன்று. ஒரு நாளும் அவர் கோபப்படவில்லையாம். கடையில் வேலை ஜாஸ்தியா இருக்கும், பாவம் என்பாராம்.

ஆகஸ்ட் முதல் வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் லீவு தரவில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கெங்கம்மாதான் கூட இருந்தாள். கடைசி நாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கியதாம். அப்போதும் கண்ணைத் திறந்து, எத்தினி என்று கேட்டாராம். சாகப்போகிற மனுஷன், மனசு குளிரட்டும் என்று இவள் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நூற்றுப் பன்னிரண்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்கு அது வெறும் நம்பர்.

“நூத்தி இருவது தாண்டிட்டாரு மாமா.”

நைனா திரும்பி வாசலைப் பார்த்தாராம். ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்தது. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லையாம்.

பா. டில்லிபாபு